பழைய நாலு, புது நாலு

ஒரு ஞாயம் கேக்கறேன், சொல்லுங்க சார். ஒருத்தன் ஏழாங்கிளாஸ் முடிச்சிட்டான். எழுதிப் பாஸாகி, வாத்தியாரும் கையெழுத்துப் போட்டுட்டாரு. அப்புறம் வாத்தியார் செத்துப்போயிட்டாரு. புதுசா ஒரு டீச்சரம்மா வந்து, ‘நீ படிச்ச நாலாங்கிளாஸ் சரியான நாலாங்கிளாஸ் இல்லே, போய் மூணாங்கிளாஸ்ல உக்காரு’ங்கிறாங்க. அறுபத்திரெண்டு வயசு ஆளைப் பாத்து. இது ஞாயமா?

நீங்களும் கொழும்புக்குத்தானே? ஃப்ளைட்டு ரெண்டு மணி நேரம் லேட்டுன்னு போர்டுல போட்டுட்டான். திருச்சிக்கு நான் காலையிலேயே வந்துட்டேன். கோத்தகிரியில இருந்து பஸ்ஸு. முதுகெல்லாம் வலி. பையை அந்தப் பக்கம் தள்ளிட்டு உக்காருங்க, பரவாயில்லே.

என் பேரு சோலைமலை. கோத்தகிரி கடைவீதியில டி.வி., ரேடியோ ரிப்பேர் கடை. இப்ப யாரு ரிப்பேர் பண்றா? கெட்டுப்போனா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிடறாங்க. அது கெடக்கட்டும். நான் சொல்ல வந்தது வேற.

சயின்டாலஜின்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லையா? நல்லது. வெளிநாட்டுச் சமாச்சாரம். மனசுல அடைஞ்சு கெடக்கிறதை ஒவ்வொண்ணா எடுத்துக் கழிச்சா, உள்ளே இருக்கிற ஆன்மா தன் பழைய பலத்துக்குத் திரும்பிடும்கிறாங்க. அதுக்குப் படி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு படியா ஏறணும். அதுக்குப் பெரிய சபை ஒண்ணு இருக்கு. சபை வேண்டாம், படிப்பு மட்டும் போதும்னு வெளியே வந்து தனியாப் பண்றவங்களும் இருக்காங்க. நாங்க அந்த வெளியாளுங்க. சபையோட வாசப்படிகூட நான் பாத்ததில்லே. அவங்களைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லவும் மாட்டேன்.

யோஹான்னு ஒரு டென்மார்க்காரர். கோத்தகிரியில ஒரு பழைய பங்களாவுல இருபது வருஷமா இருந்தாரு. தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவாரு. ரெண்டாயிரத்து ஒன்பதுல ஒருநாள் மத்தியானம் கடைக்கு ஒரு பெட்டியைக் கொண்டாந்தாரு. மேலே ஒரு ஊசி. ரெண்டு ஒயரு, ஒயர் முனையில ரெண்டு தகர டப்பா. ஊசி நிக்க மாட்டேங்குது, பாருங்கன்னாரு. பிரிச்சுப் பாத்தா ஒரு பேட்டரி, நாலஞ்சு ரெசிஸ்டன்ஸ், ஒரு மீட்டர். பெரிய வித்தை ஒண்ணுமில்லே. ஒரு ஒயர்ல ஈயப் பத்து விட்டிருந்துச்சு, சால்டர் வெச்சேன். டெஸ்ட் பண்ணணுமே, ரெண்டு கையிலயும் டப்பாவைப் புடிச்சேன்.

புடிச்சதும் ஊசி படக்குனு விழுந்துச்சு. யோஹான் என் முகத்தையே பாத்துக்கிட்டு, “இப்ப என்ன நினைச்சீங்க?”ன்னு கேட்டாரு.

ஒண்ணுமில்லேன்னேன். திரும்பவும் விழுந்துச்சு. அதேதான், அது என்னன்னாரு.

டப்பா சில்லுனு இருந்துச்சு சார். அதான். சிலோன்ல அட்டன் ஸ்டேஷன்ல கோச்சி சன்னல் கம்பி அப்படித்தான் சில்லுனு இருந்துச்சு. ரயிலை நாங்க கோச்சின்னுதான் சொல்லுவோம். எங்க தாத்தன் பூட்டன் காலத்துல இங்கேயிருந்து தேயிலை பறிக்கக் கூட்டிட்டுப் போன சனம் நாங்க. அப்புறம் ரெண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேரு அந்தப் பக்கம், இத்தனை பேரு இந்தப் பக்கம்னு பிரிச்சாங்க. எழுபத்திநாலுல எங்க அப்பா, அம்மா, நான் மூணு பேரும் கெளம்பினோம். எனக்குப் பதினொரு வயசு. அண்ணன் சிங்காரத்துக்கு இருபது. அப்பத்தான் கல்யாணமாகியிருந்துச்சு. மதினி வீட்டுக்குச் சிலோன் குடியுரிமை. அதனால அண்ணன் அங்கேயே. நான் உள்ளேயிருந்து கம்பியைப் புடிச்சிருந்தேன், அவரு வெளியேயிருந்து என் கையோட சேத்துக் கம்பியைப் புடிச்சிருந்தாரு. கோச்சி நகர்ந்துச்சு. அவ்வளவுதான் கதை. எங்க சனத்துல எல்லா வீட்டுலயும் இந்தக் கதை இருக்கும்.

அதை யோஹான்கிட்டச் சொன்னேன். அவரு ‘சரி’ன்னாரு. ஐயோ பாவம்னு சொல்லலே, விதின்னு சொல்லலே. சரி. மறுபடி சொல்லுங்கன்னாரு. மறுபடி சொன்னேன். ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன். கடைசியில ஊசி லேசா, காத்துல எலை அசையற மாதிரி அப்படியும் இப்படியும் மிதந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. முப்பத்தஞ்சு வருஷமா நெஞ்சுல இருந்த கல்லு சார். ஒரு மத்தியானத்துல இறங்கிருச்சு. அன்னிக்குப் புடிச்சதுதான்.

வாரம் மூணு நாளு பங்களாவுக்குப் போவேன். இப்படி உக்காந்து கேக்கறவங்களுக்கு ஆடிட்டர்னு பேரு. கணக்குப் பாக்கிற ஆடிட்டர் இல்லே, காதால கேக்கிற ஆடிட்டர். எனக்கும் அதுக்குப் பயிற்சி குடுத்தாரு. ரெண்டு பேரு எதிரெதிரே உக்காந்து மணிக்கணக்கா ஒருத்தரையொருத்தர் பாக்கணும். எதிராளி அழுதாலும் திட்டினாலும் என் முகம் மாறக்கூடாது. அவங்க சொன்னதை முழுசாக் கேக்கணும், ‘சரி’ன்னு ஏத்துக்கணும், நம்ம சரக்கு எதையும் நடுவுல சேக்கக் கூடாது. நான் அதுல கெட்டி. யோஹானே சொல்லியிருக்காரு, உன்னை மாதிரி கேக்கிற ஆளை நான் நாலு பேரைத்தான் பாத்திருக்கேன்னு.

மூணு வருஷத்துல ‘க்ளியர்’ ஆனேன். மனசுல இருந்த அடைசலெல்லாம் தீர்ந்த நிலைன்னு அர்த்தம். அதுக்கு மேலதான் பெரிய படிங்க, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு. அதுங்களைத் தனியாத்தான் பண்ணணும். ரெண்டு டப்பாவையும் ஒரே கையில புடிச்சுக்கிட்டு, மறு கையால எழுதிக்கிட்டே, நாமளே கேட்டு நாமளே பதில் சொல்லணும். வீட்டுப் பின்கட்டுல ஒரு ரூமை ஒதுக்கி உள்தாழ்ப்பாள் போட்டேன். மூணாவது படியில என்ன இருக்குன்னு யார்கிட்டயும் சொல்லக்கூடாது. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. என் சம்சாரத்துகிட்டயே சொன்னதில்லே. அவ பேரு தெய்வானை. அவளும் எங்க சனம்தான், பதுளைப் பக்கம் பொறந்தவ. கதவுக்கு வெளியே டீயை வெச்சிட்டு ரெண்டு தட்டுத் தட்டிட்டுப் போயிடுவா. ஒரு நாளும் உள்ளே என்ன பண்றீங்கன்னு கேட்டதில்லே. அவ்வளவு ஒத்துழைப்பு. அதை நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

இப்பப் பாருங்க, இங்கேதான் சிக்கல். நாலாவதுல இருந்து ஏழாவது வரைக்கும் ரெண்டு இருக்கு. பழைய நாலு, புது நாலு. பழைய அஞ்சு, புது அஞ்சு. ஆரம்பத்துல ஒரு வரிசை இருந்துச்சாம். எழுபதுகளோட கடைசியில அதை எடுத்துட்டு அதே நம்பர்ல வேற படிப்பை வெச்சாங்களாம். பெரிய சபைக்கு வெளியே இருக்கிறவங்களுக்குள்ளே இன்னி வரைக்கும் இதுதான் சண்டை. பழசைத்தான் முதல்ல பண்ணணும்னு ஒரு கட்சி. புதுசைப் பண்ணிட்டுத்தான் பழசைத் தொடணும்னு ஒரு கட்சி. ரெண்டுக்கும் மேல நாப்பது படி வரைக்கும் இருக்குங்கிறவங்களும் உண்டு. யோஹான் பழைய கட்சி. கட்டடத்தைக் கட்டின வரிசையிலதான் ஏறணும்பாரு. நானும் அப்படித்தான் ஏறினேன். பழைய நாலு, பழைய அஞ்சு, பழைய ஆறு.

நடுவுல ரெண்டாயிரத்துப் பதிமூணுல அண்ணன் கெடைச்சாரு. எங்க பக்கத்து ஆளு ஒருத்தர் அட்டனுக்குக் கல்யாணத்துக்குப் போனவர், விசாரிச்சு நம்பர் வாங்கியாந்தாரு. முப்பத்தொம்பது வருஷம் கழிச்சு அண்ணன் குரல். “டேய் மலை”ன்னாரு. என்னை அப்படிக் கூப்பிட அவர் ஒருத்தர்தான். தெய்வானை பக்கத்துல நின்னு அழுதா. நான் அழலே. என்கிட்ட அழறதுக்கு மிச்சம் ஒண்ணும் இல்லையே, எல்லாத்தையும் கழிச்சாச்சே. அமைதியாப் பேசினேன். அண்ணனுக்கே ஆச்சரியமா இருந்திருக்கும்.

வாடான்னாரு. வரேன்னேன். ஆனா அப்ப மூணாவது படியில பாதியில நிக்கிறேன். பாதியில விடக்கூடாது, அது ஆபத்தானது, ஆத்துக்கு நடுவுல படகை நிறுத்தின மாதிரி. முடிச்சிட்டு வரேன்னேன். யோஹான்கூடச் சொன்னாரு, நீ போயிட்டு வா, படி எங்கேயும் ஓடிடாதுன்னு. மூணு தடவை சொன்னாரு. எனக்குத் தெரியும், அவர் என்னைச் சோதிக்கிறாருன்னு. எவ்வளவு உறுதியா இருக்கேன்னு பாக்கிறாரு. நான் அசையலே.

மூணு முடிஞ்சு நாலு வந்துச்சு. நாலு முடிஞ்சதும் அஞ்சு. அண்ணன் மாசம் ஒருதரம் போன் பண்ணுவாரு, தீபாவளிக்கு வர்றியா, மாரியம்மன் திருவிழாவுக்கு வர்றியான்னு கேப்பாரு. அப்புறம் கேக்கிறதை விட்டுட்டாரு. மழை பெய்யுதா, அங்கே குளிரான்னு பேசுவாரு.

பழைய அஞ்சு பண்ணும்போது ஒண்ணு நடந்துச்சு. ஒருநாள் காலையில ரூம்ல உக்காந்திருக்கேன், ஒடம்பை விட்டு வெளியே வந்துட்டேன். நம்புங்க நம்பாட்டிப் போங்க. நேரா எங்க தோட்டத்து லயத்துக்குப் போயிட்டேன். வரிசை வீடு, நீலக் கதவு, வாசல்ல அண்ணன் உக்காந்து கத்தி தீட்டிக்கிட்டிருக்காரு. அவ்வளவு தெளிவு. எழுதி வெச்சேன். வெளியே வந்து தெய்வானைகிட்டச் சொன்னேன், சிலோனுக்குப் போய் அண்ணனைப் பாத்துட்டு வந்துட்டேன்னு.

அவ கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தா. தலையைத் தூக்காம, “கதவு என்ன கலருன்னு அவர்கிட்டக் கேளுங்க”ன்னா.

சாயங்காலம் போன் போட்டுக் கேட்டேன். அண்ணன் சிரிச்சாரு. லயமெல்லாம் மண்சரிவுல போயி ஆறு வருஷமாச்சு, இப்ப ஓட்டு வீடு, கதவுக்கு இன்னும் பெயின்டே அடிக்கலேன்னாரு. அப்ப நான் போனது ஆறு வருஷத்துக்கு முந்தின காலத்துக்குன்னு புரிஞ்சுக்கிட்டேன். காலத்தையும் தாண்டிப் போக முடியுது பாருங்க. தெய்வானைக்கு இதை விளக்கினேன். அவ, பாஸ்போர்ட் ஆபீஸ் கோயமுத்தூர்லதான் இருக்கு, காலையில போனா சாயங்காலம் வந்துடலாம்னா. அவளாவே ஃபாரம் வாங்கி ரெண்டு பேருக்கும் எழுதிப் போட்டு எடுத்தும் வெச்சா. அது ஒரு ஆசை அவளுக்கு. பொம்பளைங்களுக்கு ஊர் சுத்தற ஆசை உண்டில்லே.

ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல பழைய ஏழை முடிச்சேன். யோஹான் தன் கையால ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாரு. அந்த வருஷமே ஒடம்புக்கு முடியாம டென்மார்க்குக்குத் திரும்பினாரு. போறதுக்கு முந்தின நாள் கடைக்கு வந்து ஸ்டூல்ல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. “அண்ணனைப் பாத்தாச்சா?”ன்னாரு. இல்லேன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாரு. மூணு மாசத்துல செத்துட்டாருன்னு கடுதாசி வந்துச்சு.

அப்புறம் கொரோனா. எல்லாம் நின்னுபோச்சு. ஒருவழியா ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுல மார்கரெட்னு ஆஸ்திரேலியாவுல இருக்கிற ஒரு அம்மாவை வீடியோவுல புடிச்சேன். அவங்களும் வெளியாளுதான். நல்ல படிப்பு, அதைக் கொறை சொல்ல முடியாது. என் பழைய தாளையெல்லாம் வாங்கி ஒரு மாசம் படிச்சாங்க. படிச்சிட்டுச் சொல்றாங்க, வரிசை தப்பு. புது அஞ்சு பண்ணாம பழைய ஏழை யாரு பண்ணச் சொன்னது, அஸ்திவாரம் போடாம மாடி கட்டியிருக்கு, இதை மொதல்ல ரிப்பேர் பண்ணணும்னு. ரிப்பேர்! ரிப்பேர்காரன்கிட்டயே. க்ளியருக்கும் கீழே இறக்கி, அங்கேயிருந்து ஒவ்வொண்ணாச் சரி பாத்து, மூணாவதை மறுபடி மொதல்ல இருந்து பண்ணணும்.

எனக்கு அன்னிக்கு வந்த அசதி இன்னும் போகலே சார். பன்னெண்டு வருஷம் ஏறினது. உக்காந்து யோசிச்சேன். விட்டுடலாமான்னு நெனைச்சேன். விட்டா அத்தனை வருஷமும் வீணு. விடலேன்னா இன்னும் அத்தனை வருஷம். ஏறவும் முடியலே, இறங்கவும் முடியலேன்னா மனுஷன் என்ன பண்ணுவான், சொன்ன எடத்துல நிப்பான். நின்னேன். நாலு வருஷமா ரிப்பேர்.

இந்தச் சித்திரையில அண்ணன் மக யோகராணி போன் பண்ணிச்சு. அப்பாவுக்குக் கிட்னி ரெண்டும் போச்சு, டாக்டர் நாளைக் குறிக்கலே, ஆனா ரொம்ப இல்லேங்கிறாரு, சித்தப்பா நீங்க வாங்கன்னுச்சு. நானும் கெளம்பத்தான் நெனைச்சேன். ஆனா பாருங்க, மூணாவதோட கடைசிப் பக்கம். இன்னும் ரெண்டு வாரம்தான். இந்தத் தடவை வரிசையா, முறையா முடிச்சுட்டா அப்புறம் எந்தக் கட்சிக்காரனும் என்னைக் கொறை சொல்ல முடியாது. ரெண்டு வாரம் பொறுத்துக்கோம்மான்னு சொன்னேன்.

போனை வெச்சிட்டுத் திரும்பினா தெய்வானை பீரோவைத் திறந்து சேலையை அடுக்கிக்கிட்டிருக்கா. எங்கேன்னேன்.

“நீங்க உள்ளே இருங்க. நான் போயிட்டு வரேன்.”

கோவமாச் சொல்லலே. சண்டையும் போடலே. அம்பது வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்தவ, ஏரோப்ளேன் ஏறினதே இல்லே, தனியாப் போயிட்டா. அண்ணனை அதுக்கு முன்னாடி நேர்ல பாத்ததுகூட இல்லே, போன்ல பேசினதுதான். பன்னெண்டு நாள் ஆஸ்பத்திரியில கூட இருந்திருக்கா. கஞ்சி ஊத்தினா, காலைப் புடிச்சு விட்டான்னு யோகராணி சொல்லுச்சு. எனக்கு அதுல ஒரு நிம்மதி. வீட்டுல ஒருத்தர் போயாச்சில்லே. நான் அமைதியா உக்காந்து பண்ண முடிஞ்சுது.

கடைசியா ஒருநாள் காலையில பத்து மணி வாக்குல அவ போன் போட்டா. உங்ககிட்டப் பேசணும்கிறாரு, பேசுங்கன்னு அண்ணன் காதுல வெச்சா. அண்ணன் பேசினாரு சார். மூச்சு வாங்க வாங்கப் பேசினாரு. கோச்சி கெளம்பினப்ப பிளாட்பார முனை வரைக்கும் ஓடி வந்தாராம், அதுக்கு மேல தண்டவாளத்துல இறங்கியும் ஓடினாராம், முழங்கால்ல கல்லு கிழிச்ச தழும்பு இன்னும் இருக்காம். அம்மா சாவுக்கு வர முடியாதது, மதினி போனது, எல்லாம் சொன்னாரு. நாப்பது நிமிஷம். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசலே. எப்படிக் கேக்கணுமோ அப்படிக் கேட்டேன். ஒவ்வொண்ணையும் முழுசா வாங்கி, ‘சரி’, ‘நல்லது’, ‘மேல சொல்லுங்க’ன்னு ஏத்துக்கிட்டேன். என் வாழ்நாள்ல அவ்வளவு சுத்தமா நான் யாரு சொன்னதையும் காதுல வாங்கினதில்லே. யோஹான் இருந்திருந்தா மெச்சியிருப்பாரு.

எல்லாம் சொல்லி முடிச்சிட்டு அண்ணன் கேட்டாரு:

“என் தம்பிதானே பேசுறது?”

மருந்து மயக்கம், பாவம். நான், ‘சரி. சொல்லுங்க, கேக்கறேன்’னேன். அதான் முறை. தெய்வானை போனை வாங்கிட்டா. அவரு தூங்கட்டும்னு வெச்சிட்டா. மறுநாள் போயிட்டாரு.

அதுல இருந்து தெய்வானை என்கூடப் பேசலே. கருமாதிக்கு வந்து சேருங்கன்னு யோகராணிதான் சொல்லுச்சு. நாளான்னிக்குப் பதினாறாம் நாள். நான் என்ன தப்பாப் பேசிட்டேன்னு பஸ்ல வர்ற வழியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். ஒரு வார்த்தை தப்பில்லே. வேணும்னா மார்கரெட்டையே கேளுங்க, அவங்களே தப்பில்லேன்னுதான் சொன்னாங்க. அவருக்கு என் குரல் தெரியாமப் போனதுக்கு நான் என்ன சார் பண்ண முடியும்?

மூணாவது முடிஞ்சுதான்னு கேக்கறீங்களா? முடிஞ்சுது. அண்ணன் போன நாலாம் நாள். ஊசி நல்லா மிதந்துச்சு. அடுத்தது புது நாலு. திரும்பி வந்துதான் ஆரம்பிக்கணும். ஆரம்பிக்கணும்... பாப்போம். இப்ப எதையும் நெனைக்க முடியலே, தூக்கம் வர்ற மாதிரி இருக்கு, வரவும் மாட்டேங்குது.

அங்கே கூப்பிடறான் பாருங்க, நம்மளதுதான். உங்களுக்குப் பரவாயில்லே, சின்னப் பை. நான் எண்ணெய், சேலை, அது இதுன்னு தூக்கிட்டு வந்திருக்கேன்.

இங்கே வர்றதுக்கு முன்னாடி கண்ணாடிக் கூண்டுக்குள்ளே ஒரு ஆபீசர் இருந்தாரில்லே, முத்திரை குத்தறவரு. உங்ககிட்டயும் கேட்டிருப்பாரு, எதுக்குப் போறீங்கன்னு. என்னைக் கேட்டப்ப, சாவுன்னோ கருமாதின்னோ சொல்லியிருக்கணும். அதைத்தான் சொல்ல வாயைத் தொறந்தேன். “எங்கண்ணனைப் பாக்க”ன்னுட்டேன். அவரு நிமிந்து பாத்து, எத்தனை நாள் அவர்கூடத் தங்குவீங்கன்னாரு. பின்னால லைன் நிக்குது, எல்லாரும் பாக்கறாங்க, நான் கூண்டுக்கு முன்னாடி இருந்த கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். கடைசியில அவரே ஏதோ ஒண்ணை எழுதிக்கிட்டு, போங்கன்னுட்டாரு.